யாருடைய மறுப்பு? பெருங்கடையைப் புறக்கணிப்பதன் இரண்டு வரலாறுகள்

பெருங்கடைகளில் பொருள் வாங்கக்கூடாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு உண்டு. அதற்கு அவர்கள் சொல்கிற காரணத்தோடுதான் தகராறு. சின்னக் கடைக்காரர் அழிந்துபோவார் என்பதுதான் நம் சூழலில் ஏறக்குறைய ஒரே காரணமாகப் புழங்கி வருகிறது. 2012 செப்டம்பரில் பலவகைப் பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை மைய அரசு அனுமதித்தது. அந்த மாதம் 20ஆம் தேதி நாடு முழுக்கக் கடையடைப்பு. இடதுசாரிக் கட்சிகள், பா.ஜ.க., அன்று மைய ஆட்சியில் பங்கு வகித்த தி.மு.க., வணிகர் சங்கங்கள் என்று எல்லாரும் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டுக்குள் விடமாட்டேன் என்றார் ஜெயலலிதா. இத்தனை பேரும் ஒரே பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால், யாரோ ஒருத்தர் கணக்கில் விட்டுப்போயிருக்கிறார் என்று சந்தேகப்படுவது என் வழக்கம். அன்றைக்கு விட்டுப்போனவர்கள் இரண்டு பேர். ஒருத்தர், கடை பெரிசோ சிறிசோ, அதற்குள்ளே நாள் முழுக்க நின்றுகொண்டு எடுத்துப்போட்டு மடித்துவைக்கிற ஆள். இன்னொருத்தர், ஊர்க் கடையின் படிக்கு வெளியே நின்று காசை வைத்துவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டுபோன ஆள்.

இந்த இருவரையும் பேச்சுக்குள் கொண்டுவந்தால் பெருங்கடைக்கு எதிரான அறவாதம் பலவீனப்பட்டுவிடுமோ என்று தோழர்கள் சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. அவர்களை விட்டுவிட்டுப் பேசும்போதுதான் அது வெறும் கடைவீதிப் புலம்பலாகிறது. இதைச் சொல்ல அமெரிக்காவுக்குப் போகவேண்டியிருக்கிறது. பெருங்கடை என்கிற வடிவம் உருவான இடம் அதுதான். அதை எதிர்த்தவர்களுக்கும் அங்கே நூறு வருஷ வரலாறு இருக்கிறது. சரியாகச் சொன்னால் இரண்டு வரலாறுகள், ஒன்றின் முகத்தை மற்றொன்று பார்க்காத இரண்டு வரலாறுகள்.

*

முதலாவது கடைக்காரருடையது. 1859இல் நியூயார்க்கில் தேயிலை வியாபாரமாகத் தொடங்கிய 'ஏ அண்ட் பி' நிறுவனம் 1930 வாக்கில் ஏறக்குறைய 16,000 கடைகளை வைத்திருந்தது. ஒவ்வொன்றும் நம்மூர் மளிகைக் கடை அளவுதான் இருக்கும். அதன் பலம் கடையின் பரப்பில் இல்லை, கொள்முதலில் இருந்தது. எனக்கு இந்த விலைக்குக் கொடு, மாட்டேன் என்றால் ரொட்டியை நானே சுட்டுக்கொள்கிறேன் என்று உற்பத்தியாளரிடம் சொல்லமுடிந்தது; சொன்னபடி சுட்டும் காட்டியது. இதற்கிடையே 1916இல் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்தார். அதுவரை கடைச் சிப்பந்தி எடுத்துத்தர, வாங்குகிறவர் இந்தப் பக்கம் காத்துநிற்பதுதான் முறை. இங்கே வாங்குகிறவரே கூடையோடு உள்ளே நடந்தார், அலமாரியிலிருந்து எடுத்தார், வாசலில் காசு கட்டினார். 1930இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், மோட்டார் வண்டிகள் நிறுத்திவந்த ஒரு கொட்டகையில், மைக்கேல் கல்லன் முதல் சூப்பர் மார்க்கெட்டைத் தொடங்கினார். கழுத்தைப் பிடிக்கிற கொள்முதல், தானே எடுத்துக்கொள்ளும் முறை, வாடகை குறைந்த இடத்தில் பெரிய கொட்டகை ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெருங்கடையின் எலும்புக்கூடு தயார்.

எதிர்ப்பும் கூடவே வந்தது. 1929இல் இண்டியானா மாநிலம் சங்கிலிக் கடைகள் மீது தனிவரி போட்டது. 1931இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. 1936இல் காங்கிரஸ் நிறைவேற்றிய ராபின்சன் - பேட்மன் சட்டம், பெரிய வாங்குநருக்கு ஒரு விலை, சிறியவருக்கு ஒரு விலை என்று உற்பத்தியாளர் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்தது. டெக்சாஸ் உறுப்பினரான ரைட் பேட்மன் அதோடு நிற்காமல், சங்கிலிக் கடைகளை வரியாலேயே மூடவைக்கும் மசோதா ஒன்றையும் 1938இல் கொண்டுவந்தார். ஏ அண்ட் பி அவசர அவசரமாகத் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது; சங்கங்கள் மசோதாவை எதிர்த்தன; 1940இல் அது செத்துப்போனது.

ராபின்சன் - பேட்மன் சட்டம் நல்ல சட்டம் என்றே நான் நினைக்கிறேன். பெருங்கடையின் குறைந்த விலையில் திறமை ஒரு பங்கு, அடாவடி ஒரு பங்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது அந்தச் சட்டம். 1980களுக்குப் பிறகு அரசே அதைத் தூங்கவிட்டது. 2025 ஜனவரியில், ஒரு பெரிய சில்லறை நிறுவனத்துக்கு மட்டும் சலுகை கொடுத்ததாகப் பெப்சிகோ மீது மைய வணிக ஆணையம் வழக்குப் போட்டது. அந்த நிறுவனம் வால்மார்ட் என்று செய்திகள் வந்தன. ஆட்சி மாறியது, மே மாதம் வழக்கு கைவிடப்பட்டது. சட்டத்தின் பெயரில் பாதி அர்க்கன்சா மாநிலச் செனட்டர் ஒருவருடையது. வால்மார்ட் பிறந்ததும் அதே அர்க்கன்சாவில்தான். இருக்கட்டும்.

சட்டத்தை விட்டுவிட்டு அந்த இயக்கத்தின் சொல்லாடலைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரிலிருந்து வானொலி நடத்திய டபிள்யூ. கே. ஹெண்டர்சன் 1929, 1930இல் தெற்கு முழுக்கக் கேட்கும்படி சங்கிலிக் கடைகளைத் திட்டித்தீர்த்தார், வணிகர்களைத் திரட்டிப் படை கட்டினார். (அதே வானொலி வழியாகத் தன் சொந்தக் காப்பித்தூளையும் விற்றார் என்பது தனிக்கதை.) அவர் காப்பாற்றச் சொன்ன 'நம்ம ஊர், நம்ம கடை' என்பதில் 'நம்ம' யார்? 1920களில் அமெரிக்க ஊர்களில் கு கிளக்ஸ் கிளான் ஆட்கள் 'கிளான்காரரிடமே வியாபாரம் செய்' என்று பொருள்படும் சுருக்கெழுத்து அட்டைகளைக் கடை ஜன்னல்களில் மாட்டியிருந்தார்கள். 1956இல் பள்ளிகளில் நிறப்பாகுபாட்டை ஒழிக்கும் தீர்ப்பை எதிர்த்துத் தென்மாநில உறுப்பினர்கள் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ரைட் பேட்மனும் உண்டு. இதனால் சின்னக் கடையை ஆதரித்தவர் எல்லாரும் நிறவெறியர் என்று ஆகிவிடாது. ஆனால் அந்தக் கதையாடலின் நாயகன் வெள்ளைக்காரச் சொத்துடைமையாளன் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

நல்ல மனிதரிடமும் இந்தக் குருட்டுப்புள்ளி இருந்தது. ஃபுளோரிடா மாநில வரி குறித்த 1933 வழக்கில் நீதிபதி பிராண்டைஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். குவிந்த செல்வம் குடியாட்சியைத் தின்றுவிடும் என்று எச்சரித்த கனமான பிரதி அது. சங்கிலிக் கடைகள் சுயேச்சையான வணிகர்களைக் குமாஸ்தாக்களாக்குகின்றன என்ற கவலையும் அதில் வருகிறது. வணிகர் குமாஸ்தாவாவது வீழ்ச்சி என்றால், ஏற்கெனவே குமாஸ்தாவாக அந்த வணிகரின் கடையில் நின்றுகொண்டிருந்தவர் எங்கே போனார்? 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது உள்ளூர்ச் சில்லறைக் கடை ஊழியர்களுக்கு அதிலிருந்து விலக்கு. பெரிய சில்லறை நிறுவனங்களின் ஊழியர்கள்கூட 1961 திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. சின்னக் கடையின் சுதந்திரம் என்று கொண்டாடப்பட்டதில் ஒரு பகுதி, கடைப்பையனுக்குக் கூலிச் சட்டம் இல்லாத சுதந்திரம்.

*

இனி, கடைக்கு வெளியே நின்றவரின் கதை.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின் தெற்கில் கறுப்பர்கள் வாரத்துக்கு உழுதார்கள். விதைக்கும் மாவுக்கும் துணிக்கும் கிராமக் கடையில் கடன். கடனுக்கு ஈடு, விளையப்போகிற பருத்தி. ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. அறுவடையில் கணக்குப் பார்த்தால் பாக்கிதான் மிஞ்சும். பேரேடு கடைக்காரர் கையில். பல இடங்களில் நிலக்காரரும் கடைக்காரரும் ஒரே ஆள். வெள்ளைக்காரர்கள் வாங்கி முடியும்வரை ஒதுங்கி நிற்கவேண்டும், கடைக்காரர் எடுத்துக்கொடுப்பதுதான் சரக்கு. நாம் ஏக்கத்தோடு பேசுகிற 'முகம் தெரிந்த கடைக்காரர்' அங்கே முகம் தெரிந்த எஜமானர்.

1896க்குப் பிறகு கிராமங்களுக்கு வீடுவரை தபால் போகத் தொடங்கியது. சியர்ஸ் கம்பெனியின் தடித்த விலைப்பட்டியல் புத்தகமும் கூடவே போனது. வெள்ளைக்காரருக்கும் கறுப்பருக்கும் ஒரே விலை, அச்சடித்த விலை. தெற்கத்திக் கடைக்காரர்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பட்டியல் புத்தகங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். சியர்ஸ் ஒரு கறுப்பர் என்று வதந்தி பரப்பினார்கள், வெள்ளைக்காரர்கள் வாங்கமாட்டார்கள் என்று. சியர்ஸுக்குக் கறுப்பர் விடுதலையில் அக்கறை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். தபால் உறைக்குத் தோல் நிறம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவே ஒரு வாரச் சாகுபடிக் குடும்பத்துக்கு எவ்வளவு என்பதை, கடைப் படி ஏறமுடியாமல் நின்றவர்கள்தான் சொல்லமுடியும்.

நம்மவர்களுக்கு இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2006இல் கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுக்தேவ் தோரட் முதலானோர் 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் நடத்திய தீண்டாமை ஆய்வு நூலாக வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கிராமங்களில் தலித்துகள் ஊர்க் கடைக்குள் நுழையமுடியாது என்பது அதன் கண்டுபிடிப்புகளில் ஒன்று. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். மளிகைக் கடையின் படிக்கட்டைப் பற்றிக் கொஞ்சம்தான். தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு குளிரூட்டிய அலமாரிகளுக்கு நடுவே போகிற ஒரு பெண்ணிடம் 'நீ யார் வீட்டுப் பிள்ளை' என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஐந்து நிமிட அநாமதேயத்தை நுகர்வு மயக்கம் என்று எழுதித்தள்ளுவது மேல்சாதி வாசிப்பு. மறுபக்கமும் உண்டு. ராமநாதபுரம், நெல்லைச் சீமைகளில் கோயிலுக்குள் விடப்படாத நாடார் சமூகத்தவர்கள் பேட்டையும் மகமையும் உறவின்முறையுமாகக் கட்டி எழுந்தது இதே சின்னக் கடையை ஏணியாக வைத்துத்தான். ஆகவே சின்னக் கடைக்கு ஒற்றை அர்த்தம் கிடையாது. யார் கல்லாவில், யார் படியில் என்பதைப் பொறுத்தது.

*

இரண்டாவது மறுப்பு இந்தப் படியிலிருந்துதான் பிறந்தது. 1930இல் சிகாகோவில் 'விப்' என்ற கறுப்பர் பத்திரிகையின் தூண்டுதலில் உல்வொர்த் கடைகள் முன்னால் மறியல் நடந்தது. கறுப்பர் வட்டாரத்தில் கடை, வாங்குகிறவர்கள் கறுப்பர்கள், வேலைக்கு மட்டும் வெள்ளைக்காரர்கள். 'வேலை கிடைக்காத இடத்தில் வாங்காதே' என்பது முழக்கம். ஊர் ஊராகப் பரவி ஹார்லெம் வந்தது, வாஷிங்டன் வந்தது. வாஷிங்டனில் 1933இல் ஒரு சாப்பாட்டுக் கடை மூன்று கறுப்பு ஊழியர்களை நீக்கிவிட்டு வெள்ளைக்காரர்களை வைத்தது. ஜான் ஆப்ரி டேவிஸ் என்ற இளைஞர் ஆட்களைத் திரட்டி வாசலில் அட்டை பிடித்து நின்றார். மறுநாளே மூவருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. அப்படி உருவானதுதான் நியூ நீக்ரோ அலையன்ஸ்.

அவர்கள் அடுத்துக் குறிவைத்தவற்றில் ஒன்று சானிட்டரி குரோசரி என்ற சங்கிலிக் கடை. கம்பெனி நீதிமன்றம் போய் மறியலுக்குத் தடை வாங்கியது. அதன் வாதத்தைக் கவனிக்கவேண்டும். இவர்கள் என் ஊழியர்கள் இல்லை, எந்தச் சங்கமும் இல்லை, வெறும் வாடிக்கையாளர்கள். ஆகவே இது தொழில் தகராறே கிடையாது என்றது. 1938 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதை நிராகரித்தது. வழக்கை வாதாடியவர் பெல்ஃபோர்ட் லாசன் என்ற கறுப்பு வழக்கறிஞர். முதலாளி - தொழிலாளி உறவு இல்லாவிட்டாலும், வேலைநிலைமையில் அக்கறை உள்ளவர்கள் தகராறில் தரப்பாகலாம், அமைதியாக மறியல் செய்யலாம் என்பது தீர்ப்பின் சாரம். அதாவது, காசு கொடுத்துச் சோப்பு வாங்குகிறவர் கடைக்குள் நடக்கும் உழைப்புக்கு வெளியாள் கிடையாது. இந்தத் தீர்ப்பை நம் புறக்கணிப்பு இயக்கங்கள் ஏன் படிப்பதில்லை என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

பேட்மன் கடையை மூடச்சொன்னார். இவர்கள் மூடச்சொல்லவில்லை, திறந்துவைத்துக்கொண்டே மாறு என்றார்கள். பேட்மனுக்குத் தேவைப்பட்டது வரி. இவர்களிடம் இருந்ததோ ரெண்டு கால்கள், அந்தக் கடைக்குள் போகாமல் நிற்கக்கூடிய கால்கள். 1960 பிப்ரவரி 1இல் கிரீன்ஸ்பரோ உல்வொர்த்தில் நான்கு மாணவர்கள் சில சாமான்களை வாங்கிவிட்டு, சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். பற்பசைக்குக் காசு வாங்கிக்கொண்டவர்கள் காப்பி தரமாட்டேன் என்றார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை, அடுத்தடுத்த நாட்களில் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். ஜூலையில் கடை பணிந்தது. சங்கிலிக் கடையின் 'எல்லாருக்கும் ஒரே விலை' என்பதன் எல்லை எங்கே என்று அந்தக் காப்பிக் கோப்பை காட்டிக்கொடுத்தது.

*

வால்மார்ட்டுக்கு வருவோம். 1962 ஜூலையில் அர்க்கன்சாவின் ராஜர்ஸ் ஊரில் சாம் வால்டன் முதல் கடையைத் திறந்தார். அதே வருஷம்தான் கேமார்ட்டும் டார்கெட்டும் பிறந்தன. ஊழியரை 'அசோசியேட்' என்று அழைக்கவேண்டும் என்றார். ஆரம்பத்தில் கூலி விஷயத்தில் தாம் கஞ்சத்தனமாக இருந்ததை, 1992இல் வெளியான தன்வரலாற்றில் அவரே ஒப்புக்கொள்கிறார். பெயர் அசோசியேட், கை கஞ்சம்.

மற்றதெல்லாம் தெரிந்த கதை என்று விட்டுவிடலாம். மூன்று சம்பவங்களை மட்டும் விடமுடியாது. 2000 பிப்ரவரியில் டெக்சாஸின் ஜாக்சன்வில் கடையில் இறைச்சி வெட்டுகிறவர்கள் பத்துப்பேர் வாக்களித்தார்கள். ஏழு பேர் சங்கம் வேண்டும் என்றார்கள். இரண்டு வாரத்தில் நிறுவனம், இனிமேல் எங்கள் கடைகளில் இறைச்சி வெட்டப்போவதில்லை, பொட்டலமாகவே வரும் என்று அறிவித்தது. ஏழு ஓட்டுக்கு ஒரு தொழிலையே எடுத்துவிட்டார்கள். கனடாவின் ஜோன்கியேர் கடையில் 2004இல் சங்கம் அங்கீகாரம் பெற்றது. 2005இல் கடை மூடப்பட்டது, ஏறக்குறைய 190 பேர் வெளியே. அது சட்டமீறல் என்று கனடா உச்சநீதிமன்றம் சொல்வதற்கு 2014 ஆகிவிட்டது. கூலியிலும் பதவி உயர்விலும் பெண் என்பதால் பாகுபாடு என்று 2001இல் பெட்டி டியூக்ஸ் முதலானோர் தொடுத்த வழக்கு சுமார் 15 லட்சம் பெண்களின் கூட்டு வழக்காக வளர்ந்தது. 2011இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், இத்தனை பேரை ஒரே வகுப்பாகக் கருதமுடியாது என்று கலைத்துவிட்டது. கடைகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு, ஊழியர்கள் கோத்துக்கொள்ளப்போனால் ஒவ்வொருத்தராக வா!

2012 நவம்பர் 23, வெள்ளிக்கிழமை, அமெரிக்காவில் வருஷத்தின் பெரிய தள்ளுபடி நாள். அன்றைக்கு வால்மார்ட் ஊழியர்கள் பல ஊர்களில் வேலைநிறுத்தம் செய்து கடை வாசல்களில் நின்றார்கள். மறுநாள் 24ஆம் தேதி, டாக்காவை அடுத்த ஆஷுலியாவில் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. குறைந்தது 112 பேர் இறந்தார்கள். அலாரம் அடித்தும் மேலாளர்கள் வேலையைத் தொடரச் சொன்னதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். சாம்பலில் வால்மார்ட்டின் சொந்த அடையாளச் சீட்டு தைத்த உடுப்புகள் கிடந்தன. எங்களுக்குத் தெரியாமல் சப்ளையர் உள்குத்தகைக்கு விட்டுவிட்டார் என்றது நிறுவனம். ஆனால் 2011 ஏப்ரலில் டாக்காவில் நடந்த கூட்டமொன்றில், தீப்பாதுகாப்புக்காகக் கூடுதல் விலை கொடுப்பது கட்டுப்படியாகாது என்று வால்மார்ட் தரப்பு சொல்லியிருந்தது. கூட்டக் குறிப்பு பிறகு வெளியே வந்தது. 2013 ஏப்ரலில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தபின், சங்கங்களோடு சேர்ந்து சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று உருவானது. அதில் கையெழுத்திடாமல் வால்மார்ட்டும் கேப்பும் வேறு நிறுவனங்களும் தங்களுக்கென்று தனி ஏற்பாடு வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை வாசலில் நின்றவரும் சனிக்கிழமை மாடியில் கருகியவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவர்களை இணைத்தது ஒரு விலைச்சீட்டு. அதைக் கையில் எடுத்துப் பார்த்து, சல்லிசாக இருக்கிறதே என்று கூடைக்குள் போட்டவர் மூன்றாவது ஆள்.

அந்த மூன்றாவது ஆள் ஏழை என்பதுதான் பெருங்கடையின் பலமான வாதம். ஜேசன் ஃபர்மன் என்ற பொருளியலாளர் 2005இல் இடதுபக்கத்தில் நின்றுகொண்டே இதை எழுதினார்: வால்மார்ட்டின் குறைந்த விலையால் அதிகம் பயனடைவது ஏழைக் குடும்பங்கள், எதிர்க்கிறவர்கள் அவர்கள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று. இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. மார்ட்டின் லூதர் கிங்கின் கூட்டாளியாயிருந்த ஆண்ட்ரூ யங்கே 2006இல் வால்மார்ட்டுக்கு ஆதரவாகப் பேசக் கிளம்பினார். கறுப்பர் வட்டாரத்துச் சின்னக் கடைகள் வாடிய காய்கறியையும் கெட்ட இறைச்சியையும் அதிக விலைக்கு விற்றவைதானே, போனால் போகட்டும் என்றார். கூடவே கடைக்காரர்களை யூதர், கொரியர், அரபியர் என்று இனம் பிரித்துத் திட்டியதால் பதவி விலக நேர்ந்தது. பிரித்துத் திட்டியது கேவலம். ஆனால் வாடிய காய்கறி பொய்யில்லை.

சிகாகோவில் அதே 2006இல் நகரசபை ஒரு தீர்மானம் போட்டது. 90,000 சதுர அடிக்கு மேற்பட்ட கடை வைக்கும் பெரு நிறுவனங்கள் 2010க்குள் மணிக்கு 10 டாலர் கூலியும் 3 டாலர் பிற பயன்களும் தரவேண்டும் என்றது. கடை வரட்டும், இந்தக் கூலியோடு வரட்டும் என்று கேட்ட தீர்மானம் அது. நியூ நீக்ரோ அலையன்ஸின் வாரிசு என்றே சொல்வேன். கறுப்பர் வட்டார உறுப்பினர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு வேலை வரும்போது கெடுக்காதே என்றார்கள் ஒரு சாரார். மேயர் டேலி தம் பதவிக்காலத்தின் முதல் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தித் தீர்மானத்தைக் கொன்றார். வால்மார்ட் வந்தது. 2023 ஏப்ரலில், நகரத்தில் இருந்த எட்டுக் கடைகளில் நான்கை நஷ்டம் என்று மூடிவிட்டுப் போனது. மூடப்பட்டவற்றில் கறுப்பர்கள் வாழும் சாத்தம் பகுதியின் பெரிய கடையும் ஒன்று. சின்னக் கடைகளும் அதற்குள் போய்விட்டிருந்தால் வாடிய காய்கறியும் கிடைக்காது. 2004இல் கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட்டில் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் பெரும்பான்மையான வாக்காளர்கள் இதே நிறுவனத்தை நூற்றுக்கு அறுபது கணக்கில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும். ஏழை சார்பாகப் பேசுகிற பொருளியலாளரைவிட ஏழைக்குக் கணக்குத் தெரியும்.

ஃபர்மனின் கணக்கில் இன்னொரு ஓட்டை. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, அரசு உணவு உதவியும் மருத்துவ உதவியும் பெறுகிற உழைப்பாளிகள் எங்கே வேலைசெய்கிறார்கள் என்று சில மாநிலங்களில் பார்த்தது. பட்டியலின் மேலே வால்மார்ட். கூலியில் குறைத்ததை அரசு ஈடுகட்டுகிறது. அந்த உணவு உதவி அட்டையும் பெரும்பாலும் இதே மாதிரிக் கடைகளில்தான் தேய்கிறது. ஊழியரே வேறெங்கும் வாங்கமுடியாதபடி கூலி கொடுத்துவிட்டு, பார், ஏழைகள் என்னிடம்தான் வருகிறார்கள் என்று காட்டுவது நல்ல தந்திரம்.

அதனால்தான் தனிமனிதச் சுத்தபத்தமாக நடக்கும் புறக்கணிப்பு எனக்கு உவப்பாயில்லை. நான் அங்கே போகமாட்டேன் என்று சொல்வதற்கு முதலில் வேறெங்காவது போகப் பணம் வேண்டும். சுதேசி இயக்கத்தில் இது நடந்தது. தாகூரின் 'வீடும் வெளியும்' நாவலில் (1916) தேசபக்தர்கள் சந்தையில் அந்நியத் துணியைக் கொளுத்தும்போது அழிவது ஏழை வியாபாரியின் முதல். வங்கத்து முஸ்லிம் குடியானவர்கள் சுதேசியிலிருந்து விலகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். யாருடைய கோரிக்கைக்காக, எதுவரை, எதைச் செய்தால் திரும்பப் போவோம் என்று சொல்லாத மறுப்பு, மறுக்கிறவரின் மனசாட்சிக்குப் போடும் வெள்ளையடிப்பு. 2025 மார்ச்சில் அட்லாண்டா அருகே ஜமால் பிரையன்ட் என்ற போதகர், பன்மைத்துவக் கொள்கைகளைக் கைவிட்ட டார்கெட் கடைக்கு நாற்பது நாள் போகாமல் 'உபவாசம்' இருக்கச் சொன்னபோது, காலமும் கோரிக்கையும் சொல்லித்தான் தொடங்கினார். அங்கேயும் சிக்கல் வந்தது. டார்கெட் அலமாரியில் தங்கள் சரக்கை வைத்திருந்த கறுப்புச் சிறு உற்பத்தியாளர்கள், எங்கள் கதி என்ன என்று கேட்டார்கள். அவர்களுக்கு அந்த இயக்கம் பதில் சொல்லவேண்டியிருந்தது.

*

நம்மிடம் வருவோம். வால்மார்ட் 2018இல் ஃபிளிப்கார்ட்டின் 77 விழுக்காட்டை 1,600 கோடி டாலருக்கு வாங்கி, கடையே வைக்காமல் உள்ளே வந்துவிட்டது. 2012இல் கதவடைத்தவர்கள் அளவுக்கு அப்போது யாரும் கதவடைக்கவில்லை. அதற்கு வெகு முன்பே தமிழ்நாட்டுக்குப் பெருங்கடை வந்தாகிவிட்டது. அதற்கு அந்நிய முதலீடு தேவைப்படவில்லை. தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்து, விடுதியில் அடைத்து, பல மாடி ஜவுளிக் கடையில் நிற்கவைக்கிற வாழ்க்கையை 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' காட்டியது. படம் பார்த்துக் கண்கலங்கியவர்கள் அந்தத் தீபாவளிக்கும் அங்கேதான் துணி எடுத்தார்கள்.

இந்த இடத்தில் கேரளத்துப் பெண்கள் நம்மை முந்திவிட்டார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலைசெய்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, உட்கார அனுமதி கிடையாது. தையல் வேலை செய்துவந்த விஜி பெண்கூட்டு அவர்களைத் திரட்டினார். திருச்சூரில் ஒரு ஜவுளிக் கடையில் சங்கம் சேர்ந்த பெண்கள் வேறு ஊர்களுக்கு மாற்றப்பட்டார்கள்; 2014 டிசம்பர் கடைசியில் அவர்கள் கடைக்கு வெளியே உட்கார்ந்தார்கள். உள்ளே மறுக்கப்பட்டதையே வெளியே போராட்டமாக்கினார்கள், 'இரிக்கல் சமரம்'. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947ஆம் வருஷக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை தரவேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. அதே தமிழ்நாடு 2019இல், பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணை போட்டதும் உண்டு.

சட்டம் வந்தபின் ஒரு பெரிய துணிக்கடையில், பெயர் வேண்டாம், சேலைப் பிரிவில் ஆறேழு பிளாஸ்டிக் முக்காலிகளைப் பார்த்தேன். இரண்டின்மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன, மற்றவை காலி. நின்றுகொண்டிருந்த பெண்ணிடம் உட்காரலாமே என்றேன். "கஸ்டமர் இருக்கும்போது உக்காந்தா சூப்பர்வைசர் கேப்பாருங்க சார்" என்றார். கஸ்டமர் இல்லாதபோது என்று கேட்டதற்குச் சிரித்தார். "இங்க கஸ்டமர் இல்லாத நேரம் ஏது?"

சட்டம் கொடுத்த இருக்கைக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே வாடிக்கையாளனாக நான் நிற்கிறேன். 1938 தீர்ப்பின்படி பார்த்தால் நானும் அந்தத் தகராறில் ஒரு தரப்பு. அந்நிய நிறுவனத்தை எதிர்த்து வணிகர் சங்கங்கள் அடுத்தமுறை கடையடைப்புக்கு ஆதரவு கேட்டு வரும்போது, நாம் கேட்கவேண்டியது இருக்கிறது. உங்கள் கடையில் நாளுக்கு 8 மணி, வாரம் ஒரு நாள் விடுமுறை என்ற 1947 சட்டம் நடக்கிறதா? பையன்களுக்குச் சம்பளச் சீட்டு உண்டா? சேரித் தெருக்காரர் படியேறி உள்ளே வந்து அரிசியைத் தொட்டுப் பார்க்கலாமா? பதிலை நோட்டீசில் அச்சடித்துத் தந்தால், அந்த நோட்டீசை எடுத்துக்கொண்டு பெருங்கடை வாசலில் நின்று விநியோகிக்க நான் தயார்.